மூன்றாம் நம்பர் மெஷினும் ஐந்து முறை ஊருக்கு வராத நானும்

அனுப்புநர்:
சு. மாசானம், மெயின்டனன்ஸ் டெக்னீஷியன், மாடி அறை, பால் டிப்போவுக்கு எதிர்ச் சந்து, வடக்குப்பட்டு, ஒரகடம் வழி.

பெறுநர்:
திருமதி மா. முத்துச்செல்வி, விற்பனையாளர், ரேஷன் கடை, சங்கரன்கோவில் வட்டம்.

பொருள்: ஐந்து முறை ஊருக்கு வராதது குறித்து விளக்கம் அளித்தல் தொடர்பாக.

பிரியமுள்ள முத்துச்செல்விக்கு உன் வீட்டுக்காரன் மாசானம் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். ஒரகடத்தில் ஆடிக் காற்று ஓய்ந்துவிட்டது, லாரிப் புழுதி மட்டும் ஓயவில்லை, அதுவும் சுகமாகவே இருக்கிறது. அங்கே நீயும் பாப்பா சுபஸ்ரீயும் மாமாவும் அத்தையும் மைத்துனர் மாரிசெல்வமும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உன் கடையில் ரேகை விழாத கார்டுக்காரர்களுக்கெல்லாம் ரேகை விழட்டும். மேலே கம்பெனிக் கடுதாசி மாதிரி எழுதியிருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. விளக்கம் எழுதிக் கொடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வடிவம் இதுதான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் உனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் 'பொருள்' என்பதில் ஆரம்பித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் இங்கே எழுதுகிறேன், பின்னால் நீ மறுக்கக் கூடாது என்பதற்காக. "பிள்ளைக்குக் காதுகுத்து ஆவணி இருவத்திரெண்டுன்னு வச்சாச்சு. மாமன் மடி இருந்தாப் போதும், அப்பன் மடி யாருக்கு வேணும்? வந்தா வாங்க, வராட்டா போங்க. ஆனா அஞ்சு தடவ வாரேன் வாரேன்னு சொல்லிட்டு ஏன் வரலன்னு எழுதி, அடியில கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. போன்ல சொல்லாதீய. போன்ல நீங்க பேசுனா எது நெசம் எது பொய்யின்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல." இவ்வளவும் சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். நான் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு நீ எடுக்கவே இல்லை. ஆறு நாள் ஆகிறது. பாப்பாவோடு பேச அத்தையின் போனுக்குக் கூப்பிட்டால் அவள் பேசுகிறாள், பின்னால் நீ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்கிறது.

ஆகவே ஆதியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கம்பெனி காருக்கு முன்னாலும் பின்னாலும் மாட்டுகிற பிளாஸ்டிக் பம்பர் செய்கிற கம்பெனி என்பது உனக்குத் தெரியும். பம்பரை வார்க்கிற மெஷின் ஒவ்வொன்றும் நம் வீடு அளவு இருக்கும். அதில் மூன்றாம் நம்பர் மெஷினுக்கு ஒரு பெரிய மோட்டார். மோட்டாரின் தண்டை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துச் சுழலவிடுகிற வளையத்துக்குப் பேரிங் என்று பெயர். அந்தப் பேரிங்தான் உன் சக்களத்தி என்று வைத்துக்கொள். முந்தின வருஷம் தீபாவளிக்கு நான் கிளம்பி, விடியக்காலை கோவில்பட்டியில் இறங்கி, டீயை ஊதிக்கொண்டு நிற்கும்போது சூப்பர்வைசர் ஸ்ரீதர் கூப்பிட்டார். "மாசானம், மூணு நின்னுடுச்சு. கஸ்டமரோட கார் லைனே நிக்கப் போவுது. நீ எங்க கீற?" கோவில்பட்டி என்றேன். "அப்படியே திரும்பு" என்றார். டீயைக் குடித்து முடிக்கக்கூட மனசு வரவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று வந்த வழியே பஸ் ஏறினேன். நீ கறி எடுத்து வைத்துக் காத்திருந்தாய். அது ஒன்று.

அடுத்து பொங்கல். திருச்சி வரைக்கும் வந்தேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு பஸ் நின்றது, போன் வந்தது, மூன்றாம் நம்பர். அது இரண்டு. சித்திரையில் சாஸ்தா கோயில் கொடை விழாவுக்குக் கிளம்பினேன். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஓர சீட் கிடைத்து, பையை மேலே வைத்து, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அடுத்த மூச்சு உள்ளே போவதற்குள் போன். அது மூன்று. கார்த்திகையில் பாப்பாவுக்குக் காதுகுத்து என்று மாமா பத்திரிகையே அடித்துவிட்டார். அந்த முறை ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போதே செக்யூரிட்டி சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து பிடித்துவிட்டார். அது நாலு. கவனித்துப் பார், ஒவ்வொரு முறையும் நான் வந்த தூரம் குறைந்துகொண்டே போயிருக்கிறது. அடுத்த முறை அறைக் கதவைத் தாண்ட மாட்டேன் என்று கூட இருப்பவர்கள் சொன்னார்கள். எனக்கே அந்த மெஷினுக்கு என் மேல் ஏதோ பிடிப்பு என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அதற்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். அதை உன்னிடம் சொல்லவில்லை.

கார்த்திகையில் நின்றது பெரிய நிற்பாகிவிட்டது. மேலிடத்தில் சத்தம். அதற்குப் பிறகுதான் மார்கழியில் பூஜா என்று ஒரு இன்ஜினியர் மேடம் வந்தார்கள். சென்னைப் பிள்ளை, இருபத்தாறு வயசிருக்கும், என்னை "மாசானம் அண்ணா" என்றுதான் கூப்பிடும். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அடியில் காந்தம், மோட்டார் மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் எவ்வளவு நடுங்குகிறது, எவ்வளவு சூடாகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எங்களை எல்லாம் உட்காரவைத்து மேடம் விளக்கினார்கள். ஒரு மெஷினை வாங்குவது பெரிய காரியமே இல்லையாம். வாங்கியதிலிருந்து பழைய இரும்புக்குப் போடுகிற வரைக்கும் அதைப் பராமரிக்கிற செலவுதான் பெரிதாம். இன்ன தேதி வந்தால் கழற்றிப் பார் என்று கழற்றுவதும் தப்பாம், நின்ற பிறகு ஓடுவதும் தப்பாம். மெஷின் கேட்கும்போது, கேட்கிற அளவுக்குச் செய்ய வேண்டுமாம்.

எல்லோரும் வேலை போய்விடுமோ என்று பயந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்றாம் நம்பர் மெஷினை ஓட்டுகிற ரகுபதி அண்ணனை உனக்குச் சொல்லியிருக்கிறேன். வடக்குப்பட்டுக்காரர், கம்பெனி நிற்கிற இடத்துக்குப் பின்னால் அவர்களுக்கு இன்னும் நிலம் இருக்கிறது. அவர் கையைத் தூக்கி, "இன்னா மேடம், இது நம்மளயும் படம் புடிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"மேடம், மெஷின் நிக்கப் போவுதுன்னு இது எத்தன நாளைக்கு முன்ன சொல்லும்?"

"பேரிங் பிரச்சனைன்னா ரெண்டு மூணு வாரம் முன்னாடியே தெரிஞ்சுடும் அண்ணா."

முத்துச்செல்வி, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரம்! மூன்று வாரத்துக்கு முன்னால் தெரிந்தால் மனுஷன் ரயிலுக்கே டிக்கெட் எடுக்கலாமே. நான் பெட்டியைத் தடவிப் பார்ப்பதைப் பார்த்து, இவன் புரமோஷனுக்கு அடிபோடுகிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து மேடம் பின்னாலேயே ஏணி தூக்கிக்கொண்டு அலைந்தது நான்தான்.

ஆனால் அது சுலபமாகப் போகவில்லை. காற்று அடைக்கிற கம்ப்ரசரில் ஒட்டிய பெட்டி தினமும் பன்னிரண்டு மணிக்கு மேல் தாறுமாறாக நடுங்குகிறது என்று காட்டியது. ஒரு மணிக்கு அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை நடுக்கமே இல்லை. மேடம் பத்து நாள் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். போல்ட் லூசு என்றார்கள், அடித்தளம் ஆடுகிறது என்றார்கள். கடைசியில் நேரில் பார்த்துவிடுவோம் என்று பன்னிரண்டே காலுக்கு நானும் அவர்களும் ஏணியில் ஏறினால், கம்ப்ரசர் தலையில் பதினோரு டிபன் கேரியர் வரிசையாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சேர்ந்து கடகடவென்று ஆடுகிறது. அதில் பெரியது ரகுபதி அண்ணனுடையது. "வூட்ல ஆறு மணிக்குக் கட்டிக் குடுக்கிற சாம்பாரு மேடம். சூடா துன்றது ஒரு குத்தமா?" என்றார். மேடம் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல், பத்து நாள் கணக்கையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான், இனி ஒரு மாதத்துக்கு யாரும் எந்த மோட்டாரையும் தொடக் கூடாது, மெஷின் சாதாரணமாக எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, எங்கள் கருவிகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்கள். இந்த வருஷப் பொங்கலுக்கு நான் இரண்டு நாள் வந்துபோனது அப்போதுதான். போனே வரவில்லை. நீதான் பரிசுத் தொகுப்பு கொடுக்கிற கூட்டத்தில் கடையை விட்டு வர முடியாமல் இருந்தாய். இரண்டு நாளில் உன்னை நான் பார்த்தது எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டு நேரம் இருக்குமா? கரும்புக் கட்டுக்கு நடுவில் நின்று நீ அட்டை எண் சொல்லிக்கொண்டிருந்ததை எதிர் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரிசையில் நின்றவர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

திரும்பி வந்ததும் மேடம் பழைய விவரம் கேட்டார்கள். ஐந்து வருஷத்தில் எந்த மெஷின் எப்போது நின்றது, எதனால் நின்றது என்று தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம். எங்கள் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தோம். அதில் நின்ற காரணம் என்ற கட்டத்தில் எல்லாப் பக்கத்திலும் "ஓடவில்லை" என்று எழுதியிருந்தது. என்ன செய்தீர்கள் என்ற கட்டத்தில் "பார்த்தாச்சு". தேதி பாதிக்கு மேல் இல்லை. மேடம் பதிவேட்டை மூடிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் சொன்னேன், வேறு எண்ணம் எதுவும் இல்லை.

"மேடம், எங்கிட்ட இருக்கு. தேதி, மணி, காரணம் எல்லாம்."

"எதுல எழுதி வச்சிருக்கீங்க?"

"என் வீட்டம்மாவுக்கு அனுப்புன மெசேஜ்ல."

நீயே நினைத்துப் பார். ஐந்து வருஷமாக, ஏழு மணிக்குப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேச முடியாமல் போன ஒவ்வொரு நாளும் உனக்கு நான் மன்னிப்பு அனுப்பியிருக்கிறேன். நீ நம்ப வேண்டுமே என்று காரணத்தோடு அனுப்பியிருக்கிறேன். மன்னிச்சிரு, ரெண்டாம் நம்பர்ல ஆயில் லீக்கு. மன்னிச்சிரு, அஞ்சாம் நம்பர் வயரு எரிஞ்சிருச்சு. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு மன்னிப்பு. அந்தக் கம்பெனியின் ஐந்து வருஷச் சரித்திரம் முழுக்க உன் போனிலும் என் போனிலும்தான் இருந்திருக்கிறது. மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்க, நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் காரணத்தோடு நிறுத்தியிருக்க மாட்டேன் அல்லவா, உனக்குத் தெரியும். "மோட்டார் டிரிப்பு. உன் நெனப்பாவே இருக்கு" என்று ஒன்று வந்தது. மேடம் "அண்ணா, ரெண்டாவது வரியையும் ஏத்தணுமா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டில் நாலைந்து தப்பி உள்ளே போய்விட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாம் ஏற்றி முடித்து ஒரு வாரம் கழித்து, பங்குனி முதல் வாரம், மேடம் என்னையும் ரகுபதி அண்ணனையும் கூப்பிட்டார்கள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். மூணாம் நம்பர் மோட்டார் ரெண்டு வருஷத்துல நாலு தடவை பேரிங் சூடாகி நின்னிருக்கு. நாலும் நீங்க ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு. ஆனா பொங்கலுக்குப் போனீங்க, நிக்கல. ஏன்?"

"அதான் மேடம் எனக்கும் புரியல. அதுக்கு எம் மேல ஏதோ கோவம்."

"கிளம்பறதுக்கு முன்னாடி அந்த மோட்டாருக்கு என்ன பண்ணுவீங்க?"

நான் பெருமையாகத்தான் சொன்னேன். ஊருக்குப் போகிறோமே, நாம் இல்லாத நேரத்தில் நின்றுவிடக் கூடாதே என்று, வருகிற வரைக்கும் தாங்கட்டும் என்று, பேரிங்குக்கு நல்லா கிரீஸ் அடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். சாதாரணமாக கிரீஸ் கன்னால் ஆறு அடிதான். முதல் தீபாவளிக்குப் பன்னிரண்டு அடி அடித்தேன். அப்படியும் நின்றதால் பொங்கலுக்கு இருபது. கொடைக்கு முப்பது. காதுகுத்து என்பதால் கார்த்திகையில் பயந்துபோய் மத்தியானமே ஆரம்பித்து, கிரீஸ் கன் காலியாகிற வரைக்கும் அடித்தேன். இந்தப் பொங்கலுக்கு மட்டும் அடிக்கவில்லை, நீங்கள்தான் பூட்டி வைத்துவிட்டீர்கள் மேடம் என்றேன்.

மேடம் பேனாவை எடுத்தார்கள். ஒரு காகிதத்தில் கோடு போட்டு, கீழே எத்தனை அடி கிரீஸ் என்றும், பக்கத்தில் நான் எத்தனை கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தேன் என்றும் எழுதி, நாலு புள்ளி வைத்தார்கள். கோவில்பட்டி, திருச்சி, கிளாம்பாக்கம், ஒரகடம் கூட்ரோடு. நாலும் ஸ்கேல் வைத்தது மாதிரி சரிந்து இறங்கியது. "பேரிங்குக்குள்ள கொஞ்சம் காலி இடம் இருக்கணும் அண்ணா. நிறைச்சுட்டா உருள முடியாது. சூடாகும், சூடாகி நின்னுடும். கவனிக்காம விட்டுக் கெடற மெஷினைவிட, பயந்து பயந்து அதிகமா கவனிச்சுக் கெடுத்த மெஷின்தான் நான் நிறையப் பாத்திருக்கேன்" என்றார்கள்.

ரகுபதி அண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டு, "இன்னாய்யா மாசானம், ஊருக்குப் போவணும்னு நீ அடிச்ச கிரீஸ்தான்யா உன்ன ஊருக்குப் போவ வுடல" என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னார்.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அந்த மெஷினைத் திட்டாத நாள் இல்லை. ஸ்ரீதர் சாரைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவரைக்கூடத் திட்டினேன். கடைசியில் உன்னைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டேனோ அத்தனை அடி. ஆசை கூடக் கூட தூரம் குறைந்திருக்கிறது. நான் போய் மூன்றாம் நம்பர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மன்னிச்சிரு என்றுதான் அதனிடமும் சொன்னேன். அது முந்நூற்றுப் பதின்மூன்றாவது.

ஸ்ரீதர் சார் நல்ல மனுஷன். "மேனேஜர் காதுக்குப் போவ வேணாம். ரிப்போர்ட்ல பேரு வராது, நீ வாயைத் தொறக்காத" என்றார். மீட்டிங் நடந்தது. மேனேஜர் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, "மோட்டார் டிரிப், குறிப்பு: உன் நெனப்பாவே இருக்கு" என்று சத்தமாகப் படித்துவிட்டு, "இது என்ன வகை ஃபால்ட்?" என்று கேட்டார். அறையில் இருபது பேர் இருந்தோம். மேடம் முகம் சிவந்துவிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை, கால் நின்றுவிட்டது.

"சார், அது நான் எம் பொண்டாட்டிக்கு எழுதுனது. அந்த மோட்டார நாலு தடவ கெடுத்ததும் நாந்தான்."

"ஏன் கெடுத்தீங்க?"

"ஊருக்குப் போவணும் சார். நான் இல்லாதப்ப அது நிக்கக் கூடாதுன்னு."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். உன் முகம் கண் முன்னால் வந்தது. மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். அவருக்குக் குடும்பம் வேறு ஊரில், மாதம் ஒரு தடவை போவார் என்று பிறகு கேள்விப்பட்டேன். "உட்காருங்க" என்றார். அப்புறம் மேடத்தைப் பார்த்து, இனி கிரீஸ் கிராம் கணக்கில் அளந்துதான் அடிக்க வேண்டும், கம்ப்யூட்டர் ஸ்கிரீன் கோளாறில்லை என்று பச்சை காட்டும் வாரத்தில்தான் மெயின்டனன்ஸ் ஆட்கள் லீவு போட வேண்டும், போட்ட லீவை யாரும் போன் செய்து ரத்து செய்யக் கூடாது என்று எழுதச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் ஆலையில் மோட்டார் கொஞ்சம் சூடானால் போதும், "நெனப்பு ஃபால்ட்டு வந்துகினு கீதுப்பா, மாசானத்தக் கூப்டு" என்று ரகுபதி அண்ணன் கத்துகிறார். கேன்டீனில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

பங்குனிக்குப் பிறகு ஒரு மெஷினும் சொல்லாமல் நின்றதில்லை. ஆனியில் ஐந்தாம் நம்பருக்கு மஞ்சள் காட்டியது, இன்னும் பதினெட்டு நாள் என்றது. அவசரப்படாமல் பேரிங் வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு மாற்றினோம். பழைய பேரிங்கை அறுத்துப் பார்த்தால், உள்வளையத்தில் குருணை அரிசி அளவுக்கு ஒரு தழும்பு. அவ்வளவுதான். காதால் கேட்டால் தெரியாது, தொட்டால் தெரியாது. அந்தச் சின்ன வலியை அந்தப் பெட்டி பதினெட்டு நாளைக்கு முன்னால் கேட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்னை நினைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் போனை எடுத்ததும் "சாப்ட்டீயளா" என்பாய். எப்போதிலிருந்து அது வெறும் "ம்" ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தேதி தெரியவில்லை.

ஐந்தாவது முறை, அதாவது வைகாசியில் வைத்த காதுகுத்துக்கு வராதது. அதுவும் மெஷின்தான். ஏழாம் நம்பர். அது வேறு மாதிரியான கோளாறு, எழுதினால் நீளும், உனக்கும் புரியாது. அதை அதோடு விட்டுவிடு.

இப்போது எல்லாம் பச்சை. ஆவணி இருபதாம் தேதியிலிருந்து ஐந்து நாள் லீவுக்குக் கையெழுத்தாகிவிட்டது. மைத்துனர் மடியில் பாப்பா உட்காரட்டும், அந்த உரிமையில் நான் கை வைக்க மாட்டேன். அப்பன் மடி வேண்டாம் என்றாய், சரி. அப்பன் நிற்பதற்கு ஒரு இடம் கொடு. உன் பக்கத்தில், உன் தோளுக்கும் தூணுக்கும் நடுவில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றுகொள்கிறேன். அரிசி மூட்டைத் தூசி படிந்த உன் புடவை வாசனையை மூச்சில் வாங்கி ரொம்ப நாளாகிறது.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். பத்திரிகை இரண்டு தடவை வீணானதற்கு மாமாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். மைத்துனருக்கு என் அன்பு. பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம், அதில் சில்லறையை நீ எடுத்துக்கொள். சாஸ்தா உங்கள் எல்லோரையும் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
மேலே உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதி கூறும்
சு. மாசானம் (கையெழுத்து)

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போனவன் மறுபடி எடுத்து எழுதுகிறேன். கையெழுத்துப் போட்ட பிறகு கை கூசுகிறது. முத்துச்செல்வி, ஏழாம் நம்பர் மெஷின் என்று ஒன்று எங்கள் ஆலையிலேயே இல்லை. ஆறுதான். வைகாசியில் எல்லாம் பச்சையாக இருந்தது. ஸ்ரீதர் சாரே லீவு கொடுத்தார், ரகுபதி அண்ணன் தன் வண்டியில் கிளாம்பாக்கம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பஸ் வந்தது, கண்டக்டர் கூப்பிட்டார், நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. சாயங்காலம் வரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

பொங்கலுக்கு வந்தபோது, நீ கடையில் இருக்கையில், முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பாப்பாவை ஆசையாகத் தூக்கினேன். அவள் திமிறி அழுதாள். "விடுங்க, எங்கப்பாட்ட சொல்லிருவேன்" என்றாள், என்னிடமே. கீழே விட்டேன். உள்ளே ஓடி அத்தையின் போனை எடுத்து என் படத்தை அழுத்தினாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது. நான் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு எடுத்தேன். "அப்பா, ஒரு மாமா என்னத் தூக்குதாவ" என்றாள். "அழாதம்மா, அப்பா வந்து அந்த ஆள அடிக்கேன்" என்று சொன்னேன். உடனே சமாதானமாகிவிட்டாள். இரண்டு நாளும் நான் அவளைத் தொடவில்லை. யாரும் கவனிக்கவில்லை, எல்லோருக்கும் பொங்கல் வேலை. அதுதான் வைகாசியில் பஸ் ஏற விடவில்லை.

இந்தத் தடவை வருகிறேன். ரயிலுக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன். காது குத்தும்போது எந்தப் பிள்ளையும் அழும். அந்த நேரம் பார்த்து மைத்துனர் மடியிலிருந்து அவளை நான் வாங்கிக்கொள்கிறேன். அவள் எவ்வளவு அழுதாலும் காது வலியில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நீயும் அப்படியே நினைத்துக்கொள்.